வேலாத்தாள் விளாவிய தண்ணீர்

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இந்த பஸ்ஸின் மேல் சத்தியம். பஸ்ஸை ஓட்டுகிற அந்த மீசைக்காரர் மேல் சத்தியம். எங்கள் சென்னிமலை முருகன் மேல் சத்தியம், அவன் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள், சென்னியப்பன். சத்தமாகவே சொல்கிறேன், பின்சீட்டுக்கும் கேட்கட்டும். பாருங்கள், சிரிக்கிறார்கள். அவர்கள் அடுத்த ஊர் அரவேணுக்காரர்கள், என்னைத் தெரியும், அங்கேயே இறங்கிவிடுவார்கள்.

நீங்கள் வெளியூர். ஜன்னல் பக்கமே உட்காருங்கள், எனக்கு இந்தப் பாதையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் தோளில் பையை மாட்டிக்கொண்டு தலை நரைக்கும்வரை டிக்கெட் கிழித்தவன் நான். கண்டக்டர் சென்னியப்பன் என்றால், யானைக்கு டிக்கெட் கொடுத்தவன்தானே என்பார்கள். குஞ்சப்பனையில் ஒரு யானை பஸ்ஸை மறித்து, ஜன்னல் வழியாகத் தும்பிக்கையை நீட்டியது. நான் ஒரு டிக்கெட்டைக் கிழித்து அதன் நுனியில் வைத்தேன். குட்டியானை, அதனால் அரை டிக்கெட். மேட்டுப்பாளையத்தில் ஏறிய செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட... அது கிடக்கட்டும். அந்தக் கதையை நீங்கள் நம்ப வேண்டாம். இன்றைக்குச் சொல்லப்போவதில் யானை கிடையாது. குளியலறைச் சுவரில் மாட்டுகிற கீசர்தான். கீசரை வைத்துக்கொண்டு ஒரு மனுசன் என்ன பெரிய பொய் சொல்லிவிட முடியும்?

என் வீட்டுக்காரி பெயர் வேலாத்தாள். கல்யாணமான மறுநாளிலிருந்து எனக்குக் குளிக்கத் தண்ணீர் விளாவி வைத்தவள். முதல் டிரிப்புக்குப் போகிறவனுக்குக் கோத்தகிரிக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, காதைத் தொட்டால் காது கையோடு வந்துவிடும். விறகடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அதை வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணீரை ஒரு செம்பு, அப்புறம் அரைச் செம்பு, அப்புறம் ஒரு கை அளவு என்று விட்டுக்கொண்டே வருவாள். வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு ஒரு கலக்கு. அப்போது கண்ணை மூடிக்கொள்வாள். எதற்கடி கண்ணை மூடுகிறாய், தண்ணிக்குள் சாமி தெரிகிறதா என்று கேட்டால், "உங்க முதுகு தெரியுதுங்க" என்பாள். அப்புறம் கையை உதறிக்கொண்டு, "போங்க, ஆறிடும்."

அவ்வளவுதான் தம்பி எங்கள் பேச்சு. கொஞ்சியது, கைகோத்து நடந்தது, அதெல்லாம் கிடையாது. அந்த வாளி ஒன்றுதான். நானும் சும்மா இருக்க மாட்டேன். தண்ணீர் சரியாக இருக்கிற நாளிலேயே, ஐயோ சூடு, வெந்துவிட்டேன் என்று உள்ளேயிருந்து கத்துவேன். அவள் செம்போடு ஓடி வருவாள். அரைச் செம்பு விட்டதும், இப்போது ஆறிப்போச்சே என்பேன். மறுபடியும் ஓடுவாள். எனக்கு அது ஒரு வேடிக்கை. அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் ஓடுவாள்.

பெரிய மகன் தனபாலுக்கு வங்கியில் வேலை. தங்கமான பையன். கோத்தகிரியிலேயே வீடு கட்டி எங்களை உடன் வைத்துக்கொண்டான். மருமகள் சுகந்தியும் நல்ல பெண், முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. வேலாத்தாள் காய் நறுக்கப் போனால், "நீங்க உக்காருங்கத்தை" என்பாள். பாத்திரம் கழுவப் போனால், உக்காருங்கத்தை. துணி மடிக்கப் போனாலும் உக்காருங்கத்தை. அன்போடுதான் சொல்வாள். வேலாத்தாளும் உட்கார்ந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நாள் என்னிடம், "ஏனுங்க, நாம இந்தூட்டுக்கு விருந்தாடி வந்திருக்கறமுங்களா?" என்று கேட்டாள். நான் அதற்கு ஒரு தமாஷ் சொன்னேன். என்ன தமாஷ் என்று இப்போது ஞாபகம் வரவில்லை. நல்ல தமாஷ்தான்.

ஆனால் குளியலறை வாளி மட்டும் அவளிடம் இருந்தது. அடுப்பு போய்ச் சுவரில் கீசர் வந்துவிட்டது, சரி. கீசரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். அதைப் பிடித்து, பச்சைத்தண்ணீர் விட்டு, கையை விட்டுக் கலக்கி, கண்ணை மூடி, "போங்க, ஆறிடும்." காலையில் அந்த ஒரு நேரம் மட்டும் அவள் அந்த வீட்டுக்காரியாக நடப்பாள். நடையே வேறு மாதிரி இருக்கும். மற்ற நேரமெல்லாம் உக்காருங்கத்தைதான்.

இதில் தப்பு எங்கே வந்தது என்று கேளுங்கள். பாசத்தில் வந்தது.

தனபால் ஒரு நாள் பார்த்திருக்கிறான், அம்மா கொதிக்கிற வாளியை இரண்டு கையாலும் நகர்த்துகிறாள், கை நடுங்குகிறது. பயந்துவிட்டான். பயப்பட வேண்டியதுதானே? மறுநாள் எங்கிருந்தோ தண்ணீரில் விட்டுச் சூடு பார்க்கிற ஒரு கருவியை வாங்கி வந்தான். அம்மாவைக் கூப்பிட்டு, எப்போதும் போல விளாவச் சொன்னான். "கையை உள்ள வைம்மா. அப்பாவுக்குச் சரியா இருக்கறப்ப சொல்லு" என்றான்.

அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு செம்பு விட்டாள், யோசித்தாள், ஒரு கை அளவு விட்டாள், கலக்கினாள், கண்ணை மூடினாள். "இதுதான் சாமி. உங்கப்பாவுக்கு இதுதான்." அவன் கருவியைப் பார்த்தான். கீசருக்கு அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகாணி. இந்தப் பக்கம் திருப்பினால் சூடு கூடும், அந்தப் பக்கம் திருப்பினால் குறையும். கொஞ்சம் திருப்புவதும், பைப்பைத் திறந்து அளந்து பார்ப்பதும், மறுபடி திருப்புவதுமாக அன்று முழுக்க அதோடு கிடந்தான். அம்மா கை சொன்ன இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் எழுந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"இனிமே பைப்பைத் திறந்தா உன் கைப்பக்குவமே வரும்மா. நீ சிரமப்படவே வேண்டாம்" என்றான்.

வேலாத்தாள் அக்கம்பக்கத்தில் எல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், என் மவன் என் கையை அளந்து மிசினில் வைத்துவிட்டான் என்று. அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் காலையில் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. குளித்தேன். அவள் வெளியே கதவை ஒட்டிச் செம்போடு நிற்கிறாள். எப்படி இருக்குதுங்க என்றாள். சரியா இருக்குதுடி, அச்சு அசல் உன் கைத்தண்ணிதான் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் தம்பி. இம்மி பிசகவில்லை அந்தத் தண்ணீர். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொன்னதற்கு ஒருத்தி ஏன் அப்படிப் போக வேண்டும்?

அதற்கடுத்த நாளும் நின்றாள், கேட்டாள். சரியாத்தான் இருக்குது என்றேன். அதற்கடுத்த நாளும். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கதவுப் பக்கம் வருவதையும் விட்டுவிட்டாள். சோறு போட்டால் பாதியில் கையைக் கழுவுவாள். எதைக் கேட்டாலும் பசிக்கலைங்க. சுகந்தி டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அவளை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு தமாஷ் செய்தேன். மகனும் மருமகளும் கோயிலுக்குப் போயிருந்தபோது அவளைக் குளியலறைக்குக் கூட்டிப் போய், அந்த மூடியைக் காட்டினேன். திருகாணியைக் காட்டினேன். இங்கிட்டுத் திருப்பினால் பழைய கொதிப்பு வரும், அப்புறம் நீ விளாவிக்கொள் என்றேன். எனக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து கால் மடங்காது, ஏற முடியாது. அவள்தான் ஸ்டூல் மேல் ஏறினாள். சமையற்கட்டுக் கரண்டி ஒன்றின் காம்பு அந்தத் திருகாணிக்குச் சரியாகப் பொருந்தியது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மெயின் சுவிட்சை அமத்திவிட்டுத் தொட வேண்டும் என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். இறங்கியதும் சிரித்தாள் தம்பி, பொக்கை வாய் தெரியச் சிரித்தாள். மறுநாள் காலையில், "போங்க, ஆறிடும்." அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

தனபால் பைப்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். மூடியைக் கழற்றிச் சூட்டைக் குறைத்தான். அவன் வங்கிக்குப் போனதும் இவள் ஏறிக் கூட்டினாள். அவன் குறைக்க, இவள் கூட்ட, அவன் குறைக்க, இவள் கூட்ட. எலக்ட்ரீசியன் வந்து உள்ளே இருக்கிற சாமானையே மாற்றிவிட்டுப் போனான். புதுசுக்கும் திருகாணி இருந்ததே! இவள் அதற்கும் ஏறினாள்.

நான் சும்மா இருக்கலாமா? அவள் மேல் சந்தேகம் வராமல் நான்தானே காப்பாற்ற வேண்டும்? அதனால் தினம் ஒரு காரணம் சொன்னேன். மூடுபனி இறங்குகிற நாளில் இந்த மலையில் இரும்பு தானாகவே சூடேறும், எங்கள் பஸ் ரேடியேட்டர் ஓடாமலே கொதித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அமாவாசைக்குக் கரண்டின் குணம் மாறும் என்றேன். சுகந்தி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா இருந்தா டிவியே வேண்டாம் என்பாள். அப்புறம் சிரிப்பது குறைந்தது. அப்புறம் நான் வாயைத் திறந்தாலே தனபால் எழுந்து போக ஆரம்பித்தான்.

இதோ பாருங்கள், வளைவு. கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மீசைக்காரர் வளைவில் பிரேக்கை நம்புகிற ரகம்.

ஒரு கல்யாணத்துக்குப் போகிற நாள். சுகந்தி அவசரத்தில் குளியலறைக்குள் போனாள். தன் வீட்டுக் கீசர், தன் புருசன் அளந்து வைத்த சூடு என்ற நம்பிக்கையில் பைப்பைத் திறந்து கையை நீட்டியிருக்கிறாள். நாங்கள் அலறல் சத்தம் கேட்டுத்தான் ஓடினோம். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழண்டுவிட்டது. கல்யாணப் புடவை கட்டிலில் விரித்தபடி கிடக்கிறது, அவள் சுவரில் சாய்ந்து நடுங்குகிறாள். வேலாத்தாள் ஓடிப்போய் அந்தக் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு ஊதுகிறாள், ஊதுகிறாள், நிறுத்தவே இல்லை. அப்போதும் அந்தப் பெண் யாரையும் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இது அத்தை கையா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அன்றைக்குச் சாயங்காலம் தனபால் குளியலறையை நன்றாகப் பார்த்திருக்கிறான். ஸ்டூல் உள்ளேயே கிடந்தது. கீசர் மேல் கரண்டி இருந்தது. அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தான். யார் என்றான்.

வேலாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பேச வேண்டியிருந்தது. குரங்கு என்றேன்.

நன்றாகத்தான் சொன்னேன் தம்பி. எங்கள் பக்கம் குரங்குக்குப் பஞ்சமா? வெண்டிலேட்டர் வழியாக வருகிறது, காதோரம் வெள்ளை முடி உள்ள கிழட்டுக் குரங்கு, எலக்ட்ரீசியன் செய்ததை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது, பார்த்துப் படித்துக்கொண்டது, கரண்டியைக் காதில் செருகிக்கொண்டு ஏறுகிறது... இப்படிப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான் தனபால்.

"அப்பா, அவ கையைப் பாருங்க. பார்த்துட்டு ஒரு தடவையாவது நெசத்தைச் சொல்லுங்க."

சரி, நான்தான் திருகினேன் என்றேன். முட்டி மடங்காதவர் ஸ்டூலில் எப்படி ஏறினீர்கள் என்றான். அதற்கும் ஒரு வழி சொன்னேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. அப்புறம்தான் வேறு போக்கில்லாமல் நிஜத்தைச் சொன்னேன். "உங்கம்மாளுக்கு எனக்குத் தண்ணி விளாவணும்டா. வேற ஒண்ணுமில்லை."

யானைக்கு அரை டிக்கெட் கொடுத்தேன் என்றபோது செக்கிங் இன்ஸ்பெக்டர் பார்த்தாரே, அதே பார்வை. குரங்கைக்கூட அவன் கொஞ்சம் நம்பியிருப்பான். இதை நம்பவில்லை. அம்மாவிடம் திரும்பினான். ஏம்மா, நீதானே கையை வைத்து இதுதான் சரி என்று சொன்னாய் என்று கேட்டான். ஆமா சாமி என்றாள். அந்தச் சூடுதானே தினமும் வந்தது? ஆமா சாமி. "அப்புறம் ஏம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். சுகந்தியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"தெரியலையே சாமி."

அந்த ஒரு வார்த்தைதான். அன்றோடு அவளுக்கு மறதி வந்துவிட்டதாக வீட்டில் முடிவாகிவிட்டது. செய்தது ஞாபகமில்லை, எதற்குச் செய்தோம் என்று தெரியவில்லை, நாளைக்கு கேஸைத் திறந்து விடுவாள், கரண்டில் கை வைப்பாள். மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். பேசியது என் காதில் விழுந்தது. இளையவன் ஈஸ்வரமூர்த்தி, நாங்கள் ஈசு என்போம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கே குளிர் கிடையாது, வெந்நீருக்கே வேலை கிடையாது. அம்மா கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்றான் தனபால். நானும் போகிறேன் என்று பையை எடுத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா இது நிக்காதுப்பா. அம்மா திருகும், நீங்க கதை கட்டுவீங்க."

சொல்லுங்கள் தம்பி, இதில் என் கதை எங்கே வந்தது? நான் கதை கட்டியது அவளைக் காப்பாற்றத்தானே. பெற்ற பிள்ளைக்கு அது தெரிய வேண்டாமா?

பொங்கல் கழிந்து அவளைக் கூட்டிப் போனார்கள். நாம் ஏறினோமே, அதே பஸ் ஸ்டாண்டுதான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தலைக்கு ஊத்தறப்ப காதுல தண்ணி போகாம பாத்துக்குங்க என்றாள். நான் பதிலுக்கு ஒரு தமாஷ் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஆள் பேசி முடிக்கும்வரை நிற்கத் தெரியாது. நான் எத்தனை பேருக்காக நின்றிருக்கிறேன்.

இப்போதும் எனக்குத் தினம் சரியான தண்ணீர் வருகிறது. ஒரு நாளும் தப்பவில்லை. பைப்பைத் திறந்தால் அவள் கை. மூடினால் யாருமில்லை. ஒரு நாள் பழக்கத்தில் உள்ளேயிருந்து ஐயோ சூடு என்று கத்திவிட்டேன். சுகந்தி பதறிக்கொண்டு ஓடி வந்து கதவைத் தட்டினாள். பாவம். அவளிடம் என்னவென்று சொல்வது?

போனில் பேசும்போது வேலாத்தாள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தண்ணி எப்படி இருக்குதுங்க? முதல்முறை மாதிரி உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வேனா? கொதிக்குதுடி, முதுகெல்லாம் வெந்துபோச்சு என்பேன். அடுத்த நாள், ஐஸ்கட்டிடி, பல் ஒன்றோடொன்று அடித்து ஒரு பல் விழுந்துவிட்டது என்பேன். அவள் குரலில் ஒரு தெம்பு வரும். அந்தப் பையனுக்கு என்ன தெரியும், ஒரு செம்பு பச்சைத்தண்ணி உடுங்க, கையை வெச்சுப் பாருங்க, மேலாக்க வெக்காதீங்க, அடியில வையுங்க என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுப்பாள். நானும் உம் உம் என்பேன்.

குஞ்சப்பனை வந்துவிட்டது பாருங்கள். அந்த மூங்கில் புதர் தெரிகிறதா? யானை நின்றது அங்கேதான். சரி, சரி, அது வேண்டாம்.

இப்போது ஒரு மாதமாக இளைய மருமகள் கோகிலா போன் செய்கிறாள். அத்தை காலையில் எழுந்ததும் குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வைக்கிறார்களாம். யாரையும் தொடவிடுவதில்லையாம். திருப்பூர் வெயிலுக்குக் கீசரைக் கடைசிவரை குறைத்து வைத்திருக்கிறார்கள், வெதுவெதுப்புதான் வரும். அதில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சுடலையே, அவருக்கு ஆகாதே" என்று கொட்டிவிடுகிறாளாம். மறுபடி பிடிக்கிறாள், மறுபடி கொட்டுகிறாள். மத்தியானம்வரை அதேதான். அப்புறம் அழுகிறாளாம். ஈசு போனை வாங்கி, அம்மாவுக்கு என்னையே தெரியலைப்பா என்று அழுதான். ஆம்பிளைப் பிள்ளை, பனியன் கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவன், அழுகிறான்.

போடா முட்டாள் என்றேன். மறதியாம். யாருக்கு? என் பெண்டாட்டிக்கா? நடிக்கிறாள் தம்பி. யாரிடம் படித்தவள்! என்னை அங்கே வரவழைப்பதற்கு அவள் கட்டுகிற கதை இது. நான்கூட இவ்வளவு நாள் ஒரே கதையை இழுத்துக்கொண்டு போனதில்லை.

போன வாரம் நானே அவளிடம் பேசினேன். கோகிலா போனை அவள் காதில் வைத்தாள். ஏய் வேலாத்தா என்றேன்.  அவள் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"யாருங்க பேசறது? அவரு குளிக்கப் போயிருக்கறாருங்க. தண்ணி விளாவி வெச்சிருக்கறேன். வந்ததும் சொல்றனுங்க."

எப்படி? என்ன ஒரு சுத்தமான பொய்! தடங்கலே இல்லை, குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். சுகந்தி வந்து, மாமா ஏன் அழுகறீங்க என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்புக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாது. அவளிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அதுதான் கிளம்பிவிட்டேன். கோயம்புத்தூரில் கண்ணைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று தனபாலிடம் சொல்லியிருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையத்தில் இறங்கி நேராகத் திருப்பூர். இந்தப் பையில் பாருங்கள், ஒரு துண்டு, மாற்று வேட்டி, அவளுக்குப் பிடிக்கும் என்று கொஞ்சம் வர்க்கி பிஸ்கட். அடியில் காகிதத்தில் சுற்றியிருப்பது திருப்புளி. கரண்டிக் காம்பெல்லாம் இனிமேல் வேண்டாம். அங்கே கீசர் கைக்கெட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறதாம், கோகிலாவிடம் சாமர்த்தியமாகக் கேட்டுவிட்டேன். மெயினை அமத்திவிட்டுத்தான் தொடுவேன், இந்தத் தடவை மறக்க மாட்டேன். யாரையும் பைப் பக்கம் விடாமல் நானே வாசலில் உட்கார்ந்துகொள்வேன். என் குளியல் முடிந்ததும் பழையபடி குறைத்துவிடுவேன். யாருக்கும் தெரியப்போவதில்லை.

தண்ணீர் கொதிக்கும். அவள் வருவாள். ஒரு செம்பு, அரைச் செம்பு, ஒரு கை அளவு. கையை விட்டுக் கண்ணை மூடுவாள். கண்ணை மூடினால் போதும் தம்பி, அப்புறம் அவளுக்கு யார் முதுகு என்று தெரிந்துவிடும். போங்க, ஆறிடும் என்பாள். நான் உள்ளே போய், ஐயோ சூடு என்பேன். செம்போடு ஓடி வருவாள். ஆறிப்போச்சே என்பேன். மறுபடி ஓடி வருவாள். மத்தியானம்வரை அவளை விடமாட்டேன்.

நீங்கள் ஏன் வெளியே பார்க்கிறீர்கள்? உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். நேரில் போய் நின்ற பிறகும் யாருங்க என்று கேட்டால்? கேட்கட்டுமே. எத்தனை வருசம் இந்த வாயை வைத்துப் பிழைத்திருக்கிறேன், அதற்கு ஒரு கதை வைத்திருக்க மாட்டேனா? நான் பஸ் கண்டக்டருங்க அம்மா, உங்க வீட்டுக்காரர் அனுப்பினாரு என்பேன். அவரு வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும், அதுவரைக்கும் தண்ணி ஆறிப்போகுமே, என்னைக் குளிச்சுப் பார்த்துச் சரியா இருக்குதான்னு சொல்லச் சொன்னாரு என்பேன். அவள் நம்புவாள். என்னை எப்போதும் நம்பியவள் அவள் ஒருத்திதான்.

அதோ மேட்டுப்பாளையம் தெரிகிறது. பாக்குத் தோப்பு வந்துவிட்டால் காற்று சுடும், ஸ்வெட்டரைக் கழற்றிக்கொள்ளுங்கள். நீங்களும் இங்கேதான் இறங்குகிறீர்கள், ஒரு நாள் திரும்பவும் கோத்தகிரிக்கு வரலாம், வங்கிக்கும் போகலாம். அங்கே தனபால் என்று ஒருவன் உட்கார்ந்திருப்பான், நல்ல பையன். எங்கப்பா பஸ்ஸில் உங்ககூட என்ன பேசிட்டு வந்தாரு என்று கேட்டாலும் கேட்பான். குஞ்சப்பனையில் யானைக்கு அரை டிக்கெட் கொடுத்த கதையைத்தான் வழி நெடுகச் சொன்னார் என்று சொல்லுங்கள். அதை அவன் நம்பிவிடுவான். இதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் தம்பி. அப்படியே வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், யாரோ ஒரு பெரியவர் சொன்னார் என்று விட்டுவிடுங்கள். சென்னியப்பன் சொன்னான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.